கை வலிச்சிருக்கும்

துவையலை நாக்கில் வைத்ததும் நாங்கள் உப்புத் தூக்கல் என்போம், காரம் போதாது என்போம். அவள் மட்டும் நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, "அரைச்ச கை வலிச்சிருக்கும்" என்பாள்.

காரத்தைக் கேட்டால் கையைச் சொல்கிறாயே என்று ஒரு தடவை நான் சண்டைக்குப் போனேன். "கை இல்லாம காரம் எப்படிடி வந்துது?" என்று கேட்டாள்.  

துவையலோடு நிற்காது அது. பள்ளிக்கூடத்துக் கோயிலுக்குப் புது மணி வந்தபோது எல்லாரும் அதன் சத்தத்தைப் புகழ்ந்தோம். அவள் அதைத் தூக்கிக் கட்டினவர்களின் தோளை விசாரித்தாள். வெள்ளையடித்த சுவரைப் பார்த்தால் கழுத்து வலித்திருக்கும். கூழில் உப்பு விழுந்தால், மரக்காணத்து உப்பளத்தில் யாருக்கோ கால் எரிந்திருக்கும். நம் கண்ணுக்குப் பொருள் தெரியும். அவள் கண்ணுக்கு அதற்குப் பின்னால் நிற்கிற ஆள்தான் முதலில் தெரிவார். அந்த ஆள் எப்போதும் களைத்துப் போயிருப்பார்.

அவள் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டாள்; எழுதுகிற கைக்கு வேறு வேலை இல்லையா என்று மட்டும் கேட்பாள். போர்டிங்கில் நாங்கள் அவளுக்கு வைத்திருந்த பேர் 'வலிச்சிருக்கும்'. வலிச்சிருக்கும் எங்கே என்று ஒருத்தி கேட்டால், கிணற்றடியில் இருக்கிறாள் என்று இன்னொருத்தி சொல்வாள். அந்தப் பேருக்கு அவள் திரும்பிப் பார்க்கவும் பழகிவிட்டாள்.

திண்டிவனத்தில் மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் அது. முப்பதுகளில் நாங்கள் அங்கே போர்டிங்கில் இருந்து படித்தோம். என் அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் எடுபிடி வேலை செய்த கலாசி. அதனால் நான் விக்கிரவாண்டி, மயிலம் என்று ஸ்டேஷன் பார்த்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்குவேன். அவள் கிளியனூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றி வருகிற மாட்டுவண்டியில் மூட்டைக்கு மேல் உட்கார்ந்து வருவாள். இறங்கியதும் முதல் வேலையாக மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுப்பாள். ஏன் என்று கேட்க மாட்டோம். தெரியும்.

அவள் வீட்டுக்குக் கையகல நிலம் கிடையாது. அப்பா முன்னாலேயே போய்விட்டார். அம்மா அடுத்தவர் கொல்லையில் கேப்பை அறுப்பாள், மல்லாட்டை பிடுங்குவாள். இவள் கைக்குழந்தையாக இருக்கும்போது அந்தத் தெருவே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்திருந்தது. வேதத்துக்கு வந்தாலும் சில பழைய பழக்கங்கள் பானைக்குள் இருந்தன. அதை அப்புறம் சொல்கிறேன்.

எங்கள் நாள் இருட்டில் மணியோடு தொடங்கும். பாயைச் சுருட்டி, முற்றம் பெருக்கி, கிணற்றில் தண்ணீர் சேந்தி, தொட்டி நிரப்பி, ஜெபம் முடித்து, கூழ் குடித்து உட்கார்ந்தால் அப்போதே ஒரு நாள் வேலை செய்த மாதிரி இருக்கும். அதற்கு அப்புறம்தான் படிப்பு. பலகையில் எழுதி, எச்சில் தொடாமல் துணியால் துடைத்து, மறுபடி எழுதுவோம். வேதவசனம் மனப்பாடம், கணக்கு, இங்கிலீஷ் வாசகம். மத்தியானக் களிக்கு மேல், பீஸ் கட்ட முடியாத பிள்ளைகளுக்குத் தையல் அறை. அங்கே தைக்கிற மேஜை விரிப்பும் கைக்குட்டையும் கப்பலேறிச் சீமைக்குப் போகும். சனிக்கிழமை எண்ணெய், பேன் சீப்பு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை. ஒருத்தி உட்கார்ந்தபடி தூங்கினால் பக்கத்தில் இருப்பவள் விலாவில் இடிக்க வேண்டும், அது எங்களுக்குள் இருந்த தர்மம். அவள் மட்டும் இடிக்க மாட்டாள். தன் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுப்பாள்.

தையல் அறைச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சட்டம் மாட்டியிருந்தது. உள்ளே படம் கிடையாது, துணி. தேத்தண்ணி நிறத்துக்குப் பழுத்துப்போன துணி. மேலே இங்கிலீஷ் எழுத்துகள் வரிசையாகப் பூத்தையலில் இருக்கும். அதற்குக் கீழே ஒரு செங்கல் வீடு, தேர் மாதிரி இரண்டு மரம், வீட்டைவிடப் பெரிய ஒரு குருவி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெண்ணின் பேரும், வயது ஒன்பது என்பதும், நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு வருஷமும் தைத்திருந்தது.

பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசாணியம்மா ஒருநாள் நீதிபோதனை வகுப்பில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்துச் சீமையில் பெண்பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்று நாங்கள் தெரிந்துகொண்டு ஒழுங்காக இருக்க வேண்டுமாம். விடிவதற்கு முன்னால் எழுந்து, பனி மாதிரி தண்ணீரில் முகம் கழுவுவார்களாம். முதுகு கூனாமல் இருக்க முதுகோடு ஒரு பலகையைச் சேர்த்துக் கட்டி உட்கார வைப்பார்களாம். வேதவசனம் மனப்பாடம், கொஞ்சம் கணக்கு, மற்ற நேரமெல்லாம் தையல். ஒரு தையல் கோணினால் அந்த வரி முழுவதையும் பிரித்து மறுபடி போட வேண்டும். அண்ணன் தம்பிகள் வண்டியேறிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து தைப்பாள்.

முதுகில் பலகையா, மாட்டுக்கு நுகத்தடி மாதிரியா என்று எங்களில் ஒருத்தி கிசுகிசுத்தாள். சீமையிலும் பெருக்கச் சொல்வார்களா என்று இன்னொருத்தி. அவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வூட்டுல செங்கலு செங்கலா தச்சிக்கினு இருந்திருக்குது பாரு" என்று என் காதில் சொன்னாள். "ஒம்பது வயசு. கை வலிச்சிருக்கும்."

அப்புறம் அவளே கேட்டாள்: "எப்போடி செத்துது, இந்தப் பொண்ணு?"

இதைக் கேட்டு இப்போது படிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து வீடுகளில் அற்பாயுசில் போன பெண்ணைச் சும்மா விட்டுவிட மாட்டார்கள். அவளைப் பூவாடைக்காரி என்பார்கள். புதுத் துணி ஒன்றை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, அவள் பேர் சொல்லி, பூ வைத்துப் படைத்து, பானையிலோ பெட்டியிலோ பத்திரப்படுத்துவார்கள். வீட்டில் கல்யாணம் காட்சி என்றால் அவளிடம் கேட்காமல் ஒன்றும் நடக்காது. 'வலிச்சிருக்கும்' வீட்டுப் பானையில் அத்தை ஒருத்தியின் சின்னப் பாவாடை இருந்தது. அத்தை பதினொன்றில் அம்மை போட்டுப் போனவள். வேதத்துக்கு வந்த பிறகும் அவள் அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பானையைத் திறப்பாள், பாதிரியாருக்குத் தெரியாது. ஒரு துணி, அதில் ஒரு சின்னப் பெண்ணின் பேர், வயசு, அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் பூஜையாக மாட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், அது வேறு என்னவாக இருக்க முடியும்? துரைசாணியம்மா வீட்டுப் பூவாடைக்காரி. ஒன்பது வயசில் போனவள். எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாளிலிருந்து அந்தச் சட்டத்தின் அடிக்கட்டையில் ஒரு நந்தியாவட்டைப் பூ இருக்கும். அவள்தான் வைப்பாள். பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். சின்னப் பெண்ணிடம் போய்ப் பெரிய பாரத்தை எல்லாம் தூக்கி வைக்கலாமா என்றாள். நூல் சிக்காமல் இருந்தால் போதும் என்றுதான் கேட்பாளாம்.

பாரம் இருந்தது. எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சையில் தேறினால் வாத்தியார் பயிற்சிக்கு அனுப்புவார்கள். தேறாவிட்டால் மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்கிற தாய்மாமன் காத்திருந்தான். நல்ல மனுஷன்தான், முப்பதைத் தாண்டியவன், பாதமெல்லாம் உப்பு தின்று வெடித்திருக்கும். அவன் காலுக்காக இவள் வருத்தப்படுவாள். அந்தக் காலோடு போய் வாழ வேண்டும் என்று நினைத்தால் இவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

இதில் அவளுக்கு எதிரி அவள் கைதான். அப்படி ஒரு கை. அவள் ஊசி பிடித்தால் துணிக்கே தெரியாது. பின்பக்கம் திருப்பினால் எது முன்பக்கம் என்று தேட வேண்டும். போர்டிங்கில் நாங்களே ஒரு சொலவடை உண்டாக்கி வைத்திருந்தோம்: படிப்பு வந்தவளுக்குப் படிப்பு, தையல் வந்தவளுக்குத் தையல், ரெண்டும் வந்தவளுக்குத் தையல். அந்த வருஷம் சீமையிலிருந்து ஒரு பெரிய மேஜை விரிப்புக்கு ஆர்டர் வந்தது. மத்தியானத்துக்கு மேல் மட்டும் என்று இருந்த அவள் தையல், மத்தியானத்துக்கு முன்னாலும் நுழைந்தது. கணக்கு வகுப்பு நடக்கும்போது தையல் டீச்சர் வாசலில் வந்து நின்று விரலை அசைப்பார். அவள் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போவாள்.

தையல் டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் அதே போர்டிங்கில் அதே அறையில் தைத்து வளர்ந்தவர். விரிப்பு கப்பலுக்குப் போகாவிட்டால் அவருக்குத்தான் ஏச்சு.

விட்டுப்போன கணக்கை நான் அவளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். களி உருண்டையை வைத்துப் பின்னம் சொன்னேன். ஒரு உருண்டையை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கு போடு என்றால், யார் கிளறினது என்று கேட்பாள். யாரோ கிளறினாள், நீ பங்கைப் போடடி என்பேன். "கிளறினவளுக்கு ரெண்டு பங்கு" என்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவளுக்குப் பின்னம் புரியாமல் இல்லை. சமம் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மறுத்தாள்.

கார்த்திகை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வந்தாள். மடியில் வறுத்த மல்லாட்டை. எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மகளின் விரலைப் பிடித்துப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்தி நுனி எல்லாம் சொரசொரப்பாக இருந்தது. "கொல்லையில வேல செய்யற என் கையே தேவலையே" என்றாள். பிறந்ததிலிருந்தே இந்தப் பெண் இப்படித்தான் என்றும் சொன்னாள்: நடை பழகும்போது அம்மியைத் தடவி 'வலிக்குதா' என்று கேட்டதாம். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது பாஸாகுமா என்று கேட்டாள். ஆகும் பெரியம்மா என்றேன். "இல்லன்னாலும் சொல்லிடு கண்ணு. தம்பிகிட்ட நான் வார்த்த குடுத்துட்டேன், பங்குனி வரைக்குந்தான் நிப்பான்." மடியை உதறிக்கொண்டு நடந்தாள். கிளியனூர் ரோட்டு முனை வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பூ விஷயம் மார்கழியில் வெளியே வந்தது. கிறிஸ்துமஸுக்கு அறையைச் சுத்தம் செய்யச் சட்டத்தைக் கழற்றினார்கள். அதன் பின்னால் காய்ந்த பூக்கள் ஒரு குவியலாக விழுந்தன. எறும்பு கூடு கட்டியிருந்தது. காலை ஜெபம் முடிந்ததும் எங்களை வரிசையாகத் தையல் அறையில் நிற்க வைத்தார்கள். துரைசாணியம்மா பைபிள் தமிழ்தான் பேசுவார். இந்தப் புஷ்பங்களை வைத்தவள் யார் என்று கேட்டார்.

அவள் உடனே கையைத் தூக்கினாள்.

"நான்தாம்மா. செத்துப்போன பொண்ணாச்சே. எங்கூட்ல எங்க அத்தைக்கு வெப்போம்."

தையல் டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. விக்கிரக ஆராதனை என்றால் அன்றைக்கே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். டீச்சர் இங்கிலீஷில் ஏதோ சமாளித்துச் சொல்லச் சொல்ல, துரைசாணியம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"அவள் மரிக்கவில்லை" என்றார். "அவள் என் பாட்டியைப் பெற்றவள். எண்பது வயது மட்டும் ஜீவித்திருந்தாள்."

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். எண்பது வயசுக் கிழவிக்கா இத்தனை நாள் பூ வைத்தோம்! எனக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. ஒரு அடி முன்னால் போய் நின்றாள்.

"இத்தத் தச்சி முடிச்சப்பறம் இன்னாம்மா பண்ணாங்க?"

இந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்பது துரைசாணியம்மா முகத்தில் தெரிந்தது. யோசித்து யோசித்துச் சொன்னார். இதற்கு அப்புறம் அண்ணன்மாருக்குச் சட்டை தைத்தாளாம். அவர்கள் லீவுக்கு வரும்போது அவர்களுடைய புஸ்தகங்களைக் கதவுக்குப் பின்னால் நின்று வாசிப்பாளாம். கல்யாணம் ஆயிற்று. நிறையப் பிள்ளைகள், அத்தனைக்கும் துணி தைத்தாள். கடைசியில் கண் போய்விட்டது. கண் போன பிறகும் மடியில் அவள் விரல்கள் அசைந்துகொண்டே இருக்குமாம், நூல் கோக்கிற மாதிரி.

அதைச் சொல்லும்போது துரைசாணியம்மாவின் விரல்களும் தெரியாமல் அசைந்தன.

அவள் அந்தத் துணிப் பக்கம் திரும்பினாள். அப்புறம் யாரிடமும் சொல்லாத மாதிரி, "செத்திருந்தா பூவாவது கெடச்சிருக்கும்" என்றாள்.

துரைசாணியம்மாவுக்கு அந்தத் தமிழ் புரிந்ததா, புரியவில்லையா என்று நாங்கள் பல நாள் வாதாடியிருக்கிறோம். அவர் எழுந்து, எறும்பைத் தட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தண்டனை ஒன்றும் வரவில்லை. கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வந்தபோது சட்டம் சுவரில் இல்லை. இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. பங்களாவில் துரைசாணியம்மாவின் சொந்த அறைக்கு எடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவள் அந்த வெளுப்பைப் பார்த்து, "அதுக்கும் லீவு வுட்டுட்டாங்க" என்றாள். அன்றைக்குத்தான் அவள் குரலில் பொறாமை என்ற ஒன்றை முதல் முதலாகக் கேட்டேன்.

தை பிறந்து கொஞ்ச நாளில், கணக்கு வகுப்பு வாசலில் வழக்கம்போல் தையல் டீச்சர் வந்து நின்று விரலை அசைத்தார். அவள் எழுந்து நின்றாள். நடக்கவில்லை. டீச்சர் மறுபடி அசைத்தார்.

"டீச்சர், பரீச்ச முடியறவரைக்கும் நான் செத்துட்டேன்னு வெச்சிக்கங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில், பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடுதான் சொன்னாள். "பூவெல்லாம் வேணாம்."

 டீச்சர் அவள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனார். விரிப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு வா என்று என்னையும் கூப்பிட்டார். பாதி முடிந்த விரிப்பைத் துரைசாணியம்மா மேஜையில் பரப்பி, எவ்வளவு வேலை மீதி இருக்கிறது, கப்பல் எப்போது, இந்தத் திமிர் பிடித்தவள் என்ன சொல்கிறாள் என்று எல்லாவற்றையும் டீச்சர் கொட்டினார். தான் செத்துவிட்டதாகச் சொல்கிறாள் அம்மா, என்று முடித்தார்.

துரைசாணியம்மா விரிப்பின் ஒரு மூலையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தைத் தடவினார். அப்புறம் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பொழுது உயிர்த்தெழுவாய்?"

"பங்குனி மாசம்மா."

அவர் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. இவளை வகுப்புக்கு அனுப்பு என்று டீச்சரிடம் சொன்னார். கூடையை என் பக்கம் தள்ளினார்.

அப்படியாக விரிப்பு எங்கள் தலையில் விழுந்தது. கோபம் வராமல் இருக்குமா? 'வலிச்சிருக்கும்' போய் 'செத்தவ' வந்தது. செத்தவளே, குடத்தை எடு என்போம். செத்தவளுக்கு எதுக்குடி களி என்று தட்டை இழுப்போம். அவள் தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டு சாப்பிடுவாள். சாயங்காலம் நாங்கள் விரிப்போடு மல்லுக்கட்டும்போது சும்மா படித்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் ஊசிகளுக்கெல்லாம் நூல் கோத்துக் கொடுப்பாள். வாய் பின்னக் கணக்கை முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

"செத்தவ நூல் கோக்கலாமாடி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தைக்கத்தான் கூடாது" என்றாள்.

விரிப்பு எங்கள் கோணல் தையலோடு கப்பலேறிற்று. சீமையில் எந்த மேஜையில் கிடந்ததோ. பங்குனியில் அவள் பரீட்சை எழுதினாள். தேறினாள், கணக்கில் மயிரிழையில். நான் தேறவில்லை. அது வேறு கதை, அதை நான் துக்கமாக நினைக்கவும் இல்லை. விழுப்புரத்தில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூட விடாமல் படித்துப் படித்து ஏதோ இவ்வளவு எழுத வந்திருக்கிறது. மரக்காணத்து மாமன் வேறு இடத்தில் பெண் கட்டினான். அந்தக் கல்யாணத்துக்கு அவள் போய், மாமன் காலுக்கு வேப்பெண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

அப்புறம் அவளை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. சண்டைக் காலம். நாற்பதுகளில் ஒரு சித்திரை மாசம். திருவாமாத்தூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அடுத்த ஊரில் அவள் டீச்சராக இருப்பதாகச் சொன்னார்கள். பந்தி முடிந்ததும் வெயிலில் நடந்தே போனேன். கீற்றுக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். கிட்டப் போகப் போக ஒரு சத்தமும் இல்லை. லீவு போலிருக்கிறது, வீணாக நடந்தோமே என்று நினைத்தேன்.

வாசல் நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், ஒரு பக்கத்துக் கால் உடைந்து நூலால் கட்டியிருந்தது. மடியில் துண்டுத் துணிகள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை. உதட்டில் விரலை வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். தரையில் வரிசையாகப் பெண்பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பலகையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, ஒருத்தி கால்மேல் ஒருத்தி கால் போட்டுக்கொண்டு. ஒரு பெண்ணின் இடுப்போரம் அவள் தம்பியோ தங்கையோ ஒரு கைக்குழந்தையும் தூங்கியது. சுவரில் பாட அட்டவணை தொங்கியது. அந்த மணிக்கு எதிரே 'தையல்' என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். குசுகுசுவென்றுதான் பேசினோம். வெள்ளாமைக் காலமானாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் எழுந்து வேலை பார்த்துவிட்டுத்தான் வருகிறார்களாம். வீட்டுக்குப் போனால் மறுபடி மாடு, தண்ணீர், குழந்தை. தூங்கக் கிடைப்பது இந்த ஒரு மணிதானாம்.

"இன்ஸ்பெக்டரம்மா வந்தா?" என்றேன்.

அடுத்த வாரம் வருகிறார்களாம். ஆளுக்கு ஒரு தையல் துணி காட்ட வேண்டுமாம். அவள் மடியில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தாள். எல்லாவற்றிலும் எழுத்து வரிசை, ஒரு வீடு, ஒரு மரம், அடியில் ஒரு பேர், வயசு. ஒரு துணி மாதிரி இன்னொன்று இல்லை. ஒன்றில் தையல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒன்றில் வீடு பாதியில் கோணிற்று. துணிக்கே தெரியாமல் தைக்கிறவள் இப்படிக் கோணலாகப் போட எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும்.

"இவ அவசரக்காரி, நேரா வராது" என்று ஒரு துணியைக் காட்டினாள். இன்னொன்றைக் காட்டி, "இது இடக்கைப் பொண்ணு" என்றாள். கடைசியாக ஊசியோடு அவள் கையில் இருந்ததில் வீடு முடிந்திருந்தது. வயசு ஒன்பது என்று போட்டிருந்தது. பேரில் பாதிதான் வந்திருந்தது.

ஊசி நூலை இழுக்கும்போது அவள் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் அந்தக் காலத்தில் இருந்ததைவிடக் கறுத்து, வெடித்து, உப்பளத்துக் கால் மாதிரி இருந்தது.

"உனக்குக் கை வலிக்கலியாடி?" என்றேன்.

ஊசி நின்றது. ஊரில் இருக்கிற கைகளையெல்லாம் விசாரித்தவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. தன் கையைத் திருப்பி, வேறு யாருடையதோ மாதிரி பார்த்தாள்.

"வலிக்குதுடி" என்றாள். உள்ளே ஒரு பெண் புரண்டு படுத்தாள். அவள் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டு, ஊசியை மறுபடி குத்தினாள்.

"மெதுவா பேசு. முழிச்சிக்கப் போவுதுங்க."